அனல் குன்றும் வழியும் அனல் மூளும் வழியும்: மோட்சப் பிரயாணம், இரட்சணிய யாத்திரிகம் ஆகியவை குறித்த ஒரு திறனாய்வு

குமராட்சி வட்டாரத்துச் சபைகளில் நாம் ஆயர் பணியாற்றிய நாட்களில், பயிர்த்தொழில் செய்யும் சபை மூப்பர் ஒருவருடன் வீராணம் ஏரிக்கரை வழியே சென்றதுண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், அமைக்கப்பெற்ற அவ்வேரி அன்று கரை தளும்ப நின்றது. அதன் பரப்பைக் கண்டு நாம் வியந்தபோது மூப்பர் கூறினார்: "ஐயா, மட்டத்தைப் பார்த்து ஏரி நிறைந்துவிட்டது என்கிறார்கள். மேலே தண்ணீர் நிறைந்தது சரிதான். அடியிலே வண்டல் எவ்வளவு நிறைந்தது என்று அந்த அளவுகோல் சொல்லாதே."

இன்று அவ்வேரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி என்று கணக்கிடப்படுகிறது. கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வந்து சேரும்போது, நீரோடு வண்டலும் வந்து சேருகிறது. நீர் பாசனத்திற்குப் போய்விடும், வண்டல் தங்கிவிடும். அளவுகோல் நீரின் மேல்மட்டத்தையே காட்டுவதால், ஏரி பாதி தூர்ந்த பின்னரும் அது பழைய எண்ணையே காட்டும். கோடையில் வயலுக்குத் தண்ணீர் எட்டாதபோதுதான் உண்மை விளங்கும்.

பக்தி வாழ்வின் தளர்ச்சியும் இத்தகையதே. எப்பிராயீமின் தலையில் அங்கங்கே நரை தோன்றியும் அவன் அதை அறியவில்லை என்று ஓசேயா தீர்க்கதரிசி வருந்துகிறார் (ஓசேயா 7:9). அறியாமையே இந்நோயின் முதற்குறி. இதனை அறியச் செய்யும் இலக்கியம் நம்மிடையே உண்டா? அறிந்தபின் அனலை மூட்டும் இலக்கியம் உண்டா? இவ்விரு வினாக்களையும் நம் சபைகள் நன்கறிந்த இரு நூல்களின்முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, ஜான் பன்யன் எழுதிய மோட்சப் பிரயாணம். மற்றொன்று, அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம்.

1. விழித்திருப்பதற்காக ஓர் உரையாடல்

பன்யன் 1628 முதல் 1688 வரை வாழ்ந்தவர். அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காக 1660-ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய நூலின் முதற்பாகம் 1678-லும், இரண்டாம் பாகம் 1684-லும் வெளியாயின. சேறும் சிங்கமும் இராட்சதனும் நிறைந்த அந்நூலில், சிறுவயதில் கதையாக வாசித்தவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் பகுதி ஒன்றுண்டு. யாத்திரிகர் இருவரும் பயணத்தின் இறுதிக் கட்டத்தில் மயக்க பூமியைக் கடக்கிறார்கள். அங்கே எதிரி எவனும் இல்லை. காற்றே உறக்கத்தைத் தருவது. அங்கு உறங்காதிருக்க வேண்டுமென்று மேய்ப்பர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். ஆகவே இருவரும் உறங்காமலிருக்கும்பொருட்டுப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அந்த உரையாடலின் முடிவில், ஒருகாலத்தில் பக்தியில் முன்னணியில் நின்று பின்னர் விலகிப்போன ஒருவனைக் குறித்த பேச்சு எழுகிறது. விலகுதலின் காரணங்கள் நான்கினை ஒருவன் கூறுகிறான். விலகும் முறையை ஒன்பது படிகளாக மற்றவன் விரிக்கிறான்.

இப்பகுதியின் அமைப்பையே நாம் முதலில் கவனிக்க வேண்டும். நீதிபதியாக அமர்ந்து ஒருவன் எழுதிய குற்றப்பட்டியல் அன்று இது. தாமும் உறங்கிவிடக்கூடும் என்று அஞ்சும் இருவர், ஒருவரையொருவர் விழித்திருக்கச் செய்வதற்காகப் பகிர்ந்துகொண்ட பேச்சு. தளர்ச்சியைப் பற்றி உடன்பயணியோடு பேசுவதே தளர்ச்சிக்கு எதிரான காவலாகிறது. இதனை மறந்து அப்பட்டியலை மட்டும் பெயர்த்தெடுத்துப் பிரசங்கபீடத்திலிருந்து வாசிப்போமாகில், பன்யனின் கருத்தை நாம் பாதி இழந்தவராவோம்.

காரணங்கள் நான்கினுள் முதலாவது மிகக் கூர்மையானது. மனச்சாட்சி எழுப்பப்பட்டதேயன்றி மனம் மாறவில்லை. ஆகையால் குற்றவுணர்வின் வலிமை தேயத் தேய, அதனால் பிறந்த பக்தியும் தேய்கிறது என்பது அதன் சாரம். நரகத்தின் அச்சத்தால் மட்டும் மோட்சத்தை விரும்பியவன், அச்சம் ஆறியவுடன் விருப்பமும் ஆறிப்போகிறான். அடுப்பின் மேலிருக்கும்வரை கொதித்து, இறக்கியதும் குளிரும் நீர்போன்றது அந்த ஆர்வம். ஆண்டுதோறும் நம் கன்வென்ஷன் கூட்டங்களில் கண்ணீரோடு முன்வருகிறவர்களில் சிலர், அடுத்த ஆண்டும் அதே இடத்திற்கு அதே கண்ணீரோடு வருவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறைகூறுவதற்கு முன், அவர்களுக்கு நாம் கொடுத்தது நெருப்பா, வெறும் சூடா என்று பிரசங்கிகளாகிய நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. ஒன்பது படிகளும் ஆயரின் படியும்

படிகளின் வரிசையைச் சுருக்கமாக நோக்குவோம். முதலில் கடவுளையும் மரணத்தையும் வரவிருக்கும் நியாயத்தீர்ப்பையும் பற்றிய நினைவு விலக்கப்படுகிறது. இரண்டாவதாகத் தனி ஜெபம், இச்சையடக்கம், விழிப்பு, பாவத்துக்கான துக்கம் போன்ற அந்தரங்கக் கடமைகள் சிறிது சிறிதாகக் கைவிடப்படுகின்றன. மூன்றாவதாக அனலுள்ள விசுவாசிகளின் தோழமை தவிர்க்கப்படுகிறது. நான்காவதாகத்தான் பொது ஆராதனையிலும் வசனம் கேட்பதிலும் குளிர்ச்சி தோன்றுகிறது. ஐந்தாவதாகப் பக்தியுள்ளோரிடம் குற்றங்குறை தேடும் மனம் பிறக்கிறது. பின்னர் ஒழுங்கற்றவர்களோடு கூட்டுறவு, மறைவான தகாத பேச்சு, சிறு பாவங்களில் வெளிப்படையான விளையாட்டு, இறுதியில் இருதயக் கடினம் என்று வரிசை முடிகிறது.

இவ்வரிசையில் இரண்டாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையேயுள்ள தூரத்தை நாம் அளந்து பார்த்தல் நலம். ஒருவன் தன் அறையில் முழந்தாளிடுவதை விட்ட பின்னரும், நெடுங்காலம் ஆலயத்தில் தன் இடத்தில் அமர்ந்திருப்பான். சபை மக்கள் அவனைக் குறித்து ஐயுறுவது நான்காம் படியில்தான். ஆராதனைக்கு வராதவனைத் தேடியே ஆயரும் மூப்பரும் செல்கின்றனர். நம் மேய்ப்புப்பணியின் விசாரணை, நோய் நெடுநாள் முற்றிய பின்னரே தொடங்குகிறது என்பதைப் பன்யனின் வரிசை சொல்லாமற் சொல்லுகிறது.

ஆயரின் நிலை இதனினும் இடுக்கமானது. நான்காம் படி அவருக்கு இல்லை. அனல் இருப்பினும் இல்லாவிடினும் ஞாயிற்றுக்கிழமை அவர் பீடத்தில் நின்றாக வேண்டும். திருவிருந்தை நடத்த வேண்டும். நோயாளியின் படுக்கையருகே ஜெபிக்க வேண்டும். மற்றவர்களின் தளர்ச்சியை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஆயருக்கு மட்டும் மறைக்கப்பட்டுள்ளது. ஆதலால் அவர் மூன்றாம் படியிலிருந்து நேரே ஐந்தாம் படியில் கால்வைப்பது எளிது. ஐந்தாம் படியோ குற்றங்குறை தேடுவது. இறையியற் கல்லூரியில் பயின்ற நமக்கு அப்படி பழக்கமானதொன்று; ஆய்வு என்ற நல்ல பெயரும் அதற்கு நம்மிடம் உண்டு.

எபேசு சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். போலி அப்போஸ்தலரைச் சோதித்து அறிந்ததற்காக அச்சபை பாராட்டப்படுகிறது (வெளி. 2:2). உபதேசத்தை ஆராயும் திறன் அங்கே குன்றவில்லை. உழைப்பும் பொறுமையும் குன்றவில்லை. அத்தனையும் இருக்கையில் ஆதி அன்பு விடப்பட்டிருந்தது (வெளி. 2:4). கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் விட்டுவிடுதலைக் குறிப்பது. கைதவறித் தொலைத்ததைக் குறிப்பதன்று. ஆய்வறிவு கூர்மையாயிருப்பது அன்பு அனலாயிருப்பதற்குச் சான்றாகாது என்பதே அந்நிருபம் இறையியலாருக்குத் தரும் எச்சரிக்கை.

இதனை நாம் பிறர்மேல் வைத்துப் பேசவில்லை. குமராட்சி வட்டாரத்தில் ஒரு லெந்து காலத்தில், கெத்செமனே தோட்டத்தைப் பற்றி ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கிராமத்தில் பிரசங்கித்து வந்தோம். ஓர் இரவு மின்சாரம் நின்றுபோயிற்று. குறிப்பெழுத இயலாத அந்த இருளில், ஜெபிக்கலாமே என்று முழந்தாளிட்டோம். வாயில் வந்த சொற்கள் யாவும் சபையார் கேட்பதற்கென்று அமைந்த சொற்களாகவே இருந்தன. கேட்பதற்கோ அங்கு ஒருவரும் இல்லை. தனி ஜெபத்தை எந்நாளில் விட்டோம் என்று நினைவுகூர முயன்றோம். இயலவில்லை. விட்ட நாள் என்று ஒரு நாள் இருந்திருந்தாலன்றோ அது நினைவுக்கு வரும்! ஏரிக்கரையில் மூப்பர் கூறியது அன்றிரவுதான் நமக்கு விளங்கிற்று.

3. நிழலிடமும் தொலைந்த சுருளும்

தளர்ச்சி எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பன்யன் மற்றொரு காட்சியும் தருகிறார். கடின மலையின் நடுவே, களைத்த பயணிகள் இளைப்பாறுமாறு மலையின் ஆண்டவரே அமைத்த நிழலிடம் ஒன்றுண்டு. யாத்திரிகன் அங்கே அமர்ந்து, தன் சுருளை வாசித்து மகிழ்கிறான். பின்னர் அயர்ந்து உறங்குகிறான். சுருள் கைநழுவி விழுகிறது. விழித்தவன் அதை அறியாமலே உச்சிக்கு விரைகிறான். ஆபத்தைக் கேள்விப்பட்டு மடியைத் தடவும்போதுதான் சுருள் இல்லையென்று காண்கிறான். அழுதுகொண்டே வந்த வழியே திரும்பி, உறங்கிய இடத்திற்கே சென்று, இருக்கையின் கீழே அதைக் கண்டெடுக்கிறான்.

அந்த நிழலிடம் தீய இடமன்று, ஆண்டவரின் ஈவு. தளர்ச்சி பெரும்பாலும் தொடங்குவது நன்மையான ஒன்றில் இளைப்பாறும்போதே. நிலையான ஊதியம், ஆயர் மனை, பட்டம், மக்கள் தரும் மரியாதை, ஒருமுறை எழுதிப் பலமுறை பேசத்தக்க பிரசங்கக் குறிப்பு ஆகிய யாவும் நமக்கு நிழலிடங்களே. இரண்டாவதாக, மேலே ஏறிச் செல்லும் வேகம் சுருள் கையிலிருப்பதற்கு அடையாளமன்று. சுருளை இழந்தவன் விரைவாகவே ஏறினான். மூன்றாவதாக, இழந்தது புதிய இடத்தில் கிடைக்கவில்லை. உச்சியில் வேறொரு சுருளை அவனுக்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவுமில்லை. உறங்கிய இடத்திற்குத் திரும்பும் தாழ்மை அவனுக்குத் தேவையாயிற்று. நினைத்துப்பார், மனந்திரும்பு, ஆதியில் செய்தவற்றைச் செய் என்று எபேசுக்குக் கூறப்பட்ட மூன்று கட்டளைகளும் (வெளி. 2:5) இந்தக் காட்சியில் ஒருங்கே அமைந்திருக்கின்றன.

4. வறட்சி வேறு, தூர்வு வேறு

பன்யனின் நூலுக்குக் குறையும் உண்டு. ஒன்பது படிகளை ஒரே வரிசையாக நிறுத்தியதால், மென்மையான மனச்சாட்சியுள்ளவர்கள் தம் ஒவ்வொரு சோர்வையும் வீழ்ச்சியின் படியாக எண்ணி வருந்த இடமுண்டாகிறது. ஜெபத்தில் இனிமை இல்லாத காலமெல்லாம் தளர்ச்சியின் காலமன்று. துக்கத்திலும் நோயிலும் முதுமையிலும் ஆத்துமா வறண்டுபோவதுண்டு. நாற்பத்திரண்டாம் சங்கீதக்காரன் வறண்டவன், ஆயினும் தாகமுள்ளவன். தாகமே அவன் உயிரோடிருப்பதற்குச் சாட்சி. தளர்ந்தவனோ தாகத்தையும் இழந்தவன், இழந்ததைத் தேடாதவன்.

ஏரியை மீண்டும் நோக்குவோம். கோடையில் வற்றிய ஏரி கெட்டுப்போன ஏரியன்று. தூர் வாருவதற்கு உகந்த காலம் அதுவே. கரை தளும்பி நிற்கையில் அடியிலுள்ள மண்ணை ஒருவரும் காணார். ஆதலால் வறட்சியோடு நம்மிடம் வரும் விசுவாசியை ஒன்பது படிகளைக் காட்டி அச்சுறுத்தலாகாது. கடவுள் அவனுடைய அடிநிலத்தை அவனுக்குக் காட்டுகிறார் என்று தேற்றுதலே மேய்ப்பனின் கடமை. தூர்ந்துபோன ஏரிக்கு இருவகை வைத்தியம் உண்டு: கரையை உயர்த்துவது ஒன்று, தூர் வாருவது மற்றொன்று. நம் சபைகள் அனல் குறைவதை உணரும்போதெல்லாம் ஒரு விழாவையும் ஒரு கூட்டத்தையும் ஒரு கட்டடத்தையும் கூட்டிக் கரையை உயர்த்த முனைகின்றன. மட்டம் உயரும், மண்ணும் இருந்தவிடத்திலேயே இருக்கும்.

மற்றொரு குறை, முதற்பாகத்தின் தனிமை. யாத்திரிகன் மனைவியையும் மக்களையும் விட்டுத் தனியே ஓடுகிறான்; துணைவர்கள் பின்னரே கிடைக்கிறார்கள். சபை முழுவதும் ஒருங்கே குளிர்ந்துபோவதைப் பற்றி அங்கே அதிகமில்லை. இரண்டாம் பாகத்தில் மனைவியும் மக்களும் அயலாரும் கூட்டமாகச் செல்லும் பயணத்தை எழுதியதால் பன்யனே இக்குறையை ஓரளவு நிறைவுசெய்தார் எனலாம்.

5. பாடுகின்ற யாத்திரிகன்

தளர்ச்சியை அறிவிப்பதில் பன்யனுக்கு நிகரானவர் அரியர். அறிந்தபின் அனலை மூட்டுவதற்கோ நாம் கிருஷ்ண பிள்ளையிடம் செல்லவேண்டியிருக்கிறது.

அவர் 1827-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் தோய்ந்தவர், 1858-ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் 1878 முதல் 1891 வரை பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளியாகி, 1894-ஆம் ஆண்டு நூலாக வந்தது. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் வரை ஐந்து பருவங்களை உடையது. அதனை மொழிபெயர்ப்பு என்பது தவறு. கதையின் எலும்பு பன்யனுடையது, உயிர்ப்பு தமிழ்க் காப்பியத்தினுடையது.

இவ்விரு நூல்களுக்குமுள்ள வேறுபாடுகளில் நம் பொருளுக்கு உரியது ஒன்று. கிருஷ்ண பிள்ளை தம் காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் துதிப்பாடல்களை அமைத்தார். கதை நின்றுவிடுகிறது, யாத்திரிகன் தன்னை நோக்குவதை விட்டு, தன்னை மீட்டவரை நோக்கிப் பாடுகிறான். காப்பிய இலக்கணத்தை மட்டும் கொண்டு நோக்கும் திறனாய்வாளர் இப்பாடல்கள் கதையோட்டத்தைத் தடை செய்கின்றன என்று கூறக்கூடும். பக்தியின் இயல்பை அறிந்தவர்க்கோ அத்தடையே நூலின் பெரும்பேறு. தன்னைச் சோதிப்பதால் மட்டும் அன்பு மூளுவதில்லை. நாடி பார்ப்பதால் காய்ச்சல் தணியாததுபோல, படிகளை எண்ணுவதால் அனல் திரும்புவதில்லை. அன்பு அன்புக்குரியவரைக் காண்பதாலேயே மூளும்.

இக்கவிஞர் இதனை எங்கிருந்து கற்றார் என்பதற்கு, நாம் தொடங்கிய ஏரிக்கரைக்கே திரும்பினால் ஒரு குறிப்புக் கிடைக்கும். வீராணத்தை அடுத்துள்ள காட்டுமன்னார்கோயிலே வைணவ ஆசாரியராகிய நாதமுனிகளின் ஊர். ஆழ்வார் பாடல்கள் வழக்கொழிந்துபோன காலத்தில், வழிப்போக்கர் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களை அவர் கேட்டார் என்றும், ஆயிரத்துள் இவை பத்து என்று அவற்றின் முடிவில் இருக்கக்கண்டு எஞ்சியவற்றைத் தேடிக் குடந்தைக்கும் குருகூருக்கும் சென்றார் என்றும், இறுதியில் நாலாயிரத்தையும் பெற்றார் என்றும் அம்மரபு கூறுகிறது. அந்த மரபின் கொள்கை நம்முடையதன்று. ஆயினும் எஞ்சிய பத்தைக் கொண்டு மறைந்த ஆயிரத்தைத் தேடிய அந்தத் தாகம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அத்தகைய பாடல் மரபில் வளர்ந்தவர் கிருஷ்ண பிள்ளை. கிறிஸ்துவினிடம் வந்தபோது அவர் தம் தமிழையும் பாடும் நாவையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

குறையும் இல்லாமலில்லை. கம்பன் நடையைப் பின்பற்றிய அவருடைய சொல்லாட்சி சாதாரண விசுவாசிக்கு எட்டாதது. தமிழ்ப் புலமை அருகிவரும் நம் கல்லூரிகளில் மாணவருக்கும் அது எட்டாததாகி வருகிறது. பதவுரையின்றி அதனை வாசிக்கக்கூடிய ஆயர்கள் சிலரே. ஆனால் அதற்குப் பரிகாரம் நூலை மூடுவதன்று. ஒரு தேவாரத்தையேனும் மாணவர்க்குப் பொருளோடு கற்பித்துப் பாடவைப்பது.

6. மறைவில் வார்க்கப்படும் எண்ணெய்

அனல்மூட்டுதல் பற்றிப் பவுல் எழுதியது, விசுவாசத்தை மறுதலித்தவனுக்கன்று; மாயமற்ற விசுவாசமுள்ள தீமோத்தேயு என்னும் இளம் ஊழியனுக்கு (2 தீமோத்தேயு 1:5-6). அங்கே அவர் ஆளும் கிரேக்கச் சொல், உயிரோடிருக்கும் நெருப்பை மீண்டும் எழச்செய்தல் என்ற பொருளைத் தன் பகுதிகளிலேயே உடையது. வினையின் வடிவம் தொடர்ந்து செய்யவேண்டிய செயலைக் குறிக்கிறது. ஆகவே ஊழியனுக்கு இது ஆண்டுக்கொருமுறை நிகழும் எழுப்புதலன்று. நாள்தோறும் அடுப்பின் சாம்பலைத் தள்ளும் வேலை.

பன்யனின் நூலிலும் சுவரோரம் எரியும் நெருப்பின் காட்சி ஒன்றுண்டு. ஒருவன் இடையறாது நீரை ஊற்றுகிறான். நெருப்போ மேலும் எரிகிறது. சுவரின் மறுபுறத்தில் கிறிஸ்து மறைவாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். நீர் ஊற்றுகிறவன் வெளியே தெரிகிறான். எண்ணெய் வார்ப்பவர் மறைவிலிருக்கிறார். தளர்ச்சி மறைவில் தொடங்குவதுபோலவே கிருபையின் வேலையும் மறைவில் நடைபெறுகிறது. ஆகவே அந்தரங்க அறைக்குத் திரும்புகிறவன் வெறும் அறைக்குத் திரும்புவதில்லை. தனக்கு முன்பே அங்கு ஒருவர் இருக்கக் காண்பான்.

இந்நூல்களிலிருந்து ஆயர்களும் மாணவரும் மேற்கொள்ளத்தக்கவை சில உண்டு. பிரசங்கத்திற்கென்று அல்லாமல், ஒருவருக்கும் சொல்லும் நோக்கமின்றி, திருமறையில் ஒரு பகுதியை நாள்தோறும் வாசித்தல். உடன் ஊழியர் ஒருவரோடு மாதத்தில் ஒருமுறையேனும் சந்தித்து, சபைக் கணக்கையும் மறைமாவட்ட அரசியலையும் விடுத்து, தன் ஆத்துமாவின் நிலையை மறைக்காமல் பேசுதல். மயக்க பூமியில் தனியே நடப்பவன் உறங்கிவிடுவான். தன்னிலும் அனலுள்ள எளிய விசுவாசிகளின் வீட்டை, கற்பிக்கச் செல்லாமல் கேட்கச் செல்லுதல். தனிமையில் பாடுதல்.

அந்த லெந்து காலத்திற்குப்பின் நாம் மீண்டும் ஜெபிக்கத் தொடங்கியது பெரிய அனுபவம் எதனாலும் அன்று. நம்மிடம் எஞ்சியிருந்தது, இளமையில் தாயாரிடம் கற்ற ஒரு கீர்த்தனையின் முதற்சரணம் மட்டுமே. எஞ்சிய சரணங்களை, எழுதப் படிக்கத் தெரியாத விதவைத் தாயார் ஒருவர் குமராட்சியருகே தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நமக்குப் பாடிக் காட்டினார். அவர் பாட, நாம் எழுதிக்கொண்டோம். அன்று கற்றவர் ஆயர், கற்பித்தவர் அவர்.

இறையியல் மாணவராகிய உங்களில் சிலர் இதனை வாசிக்கையில் நமக்கு இன்னும் நாளிருக்கிறது என்று எண்ணக்கூடும். வண்டல் முதல் வெள்ளத்திலேயே வரத்தொடங்குகிறது. அதனை முதல் கோடையிலேயே வாரத் தொடங்குவோமாக.